கண்ணாடி முன்னால் பொருந்திய கவசம், உட்கார்ந்ததும் தாடையைப் பிடிக்கிறது

கேள்வி, பிப்ரவரி 3

காஸ்ப்ளேவுக்காக, அதாவது கற்பனைப் பாத்திர வேடத்தில் விழாக்களுக்குப் போவதற்காக, முழு உடல் கவசம் ஒன்றை ஃபோமில் செய்யப் போகிறேன். விண்வெளி வீரன் மாதிரி, என் சொந்த டிசைன். கணினியில் இருக்கும் முப்பரிமாண மாதிரியை என் உயரத்துக்கு (172 செ.மீ.) பெரிதாக்கி, பெப்பகுராவில் (முப்பரிமாண மாதிரியைத் தட்டையான தாள் துண்டுகளாக்கும் மென்பொருள்) விரித்து, தாளில் அச்செடுத்து, அதன்படி வெட்டி ஒட்டினால் எல்லாப் பாகமும் தானாகப் பொருந்திவிடும் என்பது என் எண்ணம். அளவெடுப்பதற்கே வாரக்கணக்கில் செலவழிப்பவர்களைப் பார்த்தால் புரியவில்லை. அப்படி என்ன இருக்கிறது அதில்?

பிப்ரவரி 4

பொருந்தாது. என் முதல் கவசத்தை நானும் அப்படித்தான் செய்தேன்.

ஒரே உயரமுள்ள இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு உடம்பு நீளம். தோள் அகலம் வேறு, கெண்டைக்கால் பருமன் வேறு. கணினியில் நிற்கிற ஆளுக்கோ இடுப்பு சிறுத்து, மார்பு அகன்று, கால்கள் நீண்டு இருக்கும். அவனை மொத்தமாகப் பெரிதாக்கினால் உயரம் மட்டும்தான் உங்களுடையதாக வரும், மற்றதெல்லாம் அவனுடையதுதான்.

ஒவ்வொரு பாகத்தையும் தனியாக அளவுமாற்றுங்கள். முன்கை என்றால் மணிக்கட்டு முதல் முழங்கை மடிப்பு வரை நீளம், பருத்த இடத்தின் சுற்றளவு, மணிக்கட்டின் சுற்றளவு. தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் அதே மாதிரி மூன்று அளவு. முதலில் பழைய அட்டையிலோ செய்தித்தாளிலோ செய்து போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஃபோமில் கை வைக்க வேண்டும்.

பிப்ரவரி 4, இரவு

முக்கியமானதை விட்டுவிட்டேன். தாளுக்குத் தடிமன் கிடையாது, ஃபோமுக்கு உண்டு.

என் முன்கையின் பருத்த இடம் 27 செ.மீ. அதே சுற்றளவில் தாளில் ஒட்டிப் பார்த்தபோது கை சுலபமாக உள்ளே போனது. அதே பேட்டர்னை 10 மி.மீ. ஈவா ஃபோமில் (ரப்பர் போல வளையும் மெத்தென்ற தகடு) வெட்டி ஒட்டினேன். முழங்கைக்கு நாலு விரல் முன்னாலேயே சிக்கிக்கொண்டது. தம்பி காலை ஊன்றி இழுத்துக் கழற்றினான். கை முழுக்கச் சிவந்து, மறுநாள் வரை எரிந்தது.

கணக்கு இதுதான். 10 மி.மீ. தடிமனை வட்டமாக வளைத்தால் வெளிச் சுற்றளவு உள் சுற்றளவைவிட 2 × 3.14 × 10, அதாவது 63 மி.மீ. கூடுதல். அந்த 63-ஐக் கூட்டி வெட்டுங்கள்.

பிப்ரவரி 6

முன்கை அளவை விரலை விரித்துக்கொண்டு எடுக்காதீர்கள். எனக்கு விரல் விரித்திருக்கும்போது 27. முஷ்டியை மடக்கி முழங்கையை வளைத்தால் 28.5. கெண்டைக்காலும் இப்படித்தான், குதிகாலைத் தூக்கி நின்றால் பெருக்கும்.

பிப்ரவரி 9

பிப்ரவரி 4 இரவு எழுதிய கணக்கு தவறு. நேற்று 30 செ.மீ. நீளமுள்ள 10 மி.மீ. பட்டை ஒன்றை வளையமாக ஒட்டி உள்ளே நாடா வைத்து அளந்தேன். 27-க்குச் சற்றே குறைவாக வந்தது. 63 மி.மீ. குறையும் என்று சொன்னேன், குறைந்தது 31 மி.மீ.தான்.

வளைந்த இடத்தை விளக்கு வெளிச்சத்தில் கிட்டப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. வெளிப்பக்கம் இழுபட்டு வழவழப்பாக இருக்கிறது. உள்பக்கம் நசுங்கிச் சின்னச் சின்னச் சுருக்கம் விழுந்திருக்கிறது. நடுவில் இருக்கும் அடுக்கு மட்டும் வெட்டிய நீளத்திலேயே நிற்கிறது. ஆகவே கூட்ட வேண்டியது தடிமனின் 3.14 மடங்கு: 10 மி.மீ. ஃபோமுக்கு 31 மி.மீ., 6 மி.மீ. ஃபோமுக்கு 19 மி.மீ.

63 கூட்டி ஏற்கெனவே வெட்டிவிட்டவர்கள் தூக்கிப் போட வேண்டாம். உள்ளே போடும் உடுப்புக்கும் அசைவுக்கும் எப்படியும் 2 செ.மீ. லூஸ் வேண்டும். மிச்சத்தை உள்ளே பஞ்சு ஒட்டிச் சரிசெய்யலாம்.

பிப்ரவரி 10

பிளேடு. நான்கைந்து வெட்டுக்கு ஒருமுறை நுனியை ஒடியுங்கள், இல்லையென்றால் சாணை பிடியுங்கள். மழுங்கிய பிளேடு ஃபோமை வெட்டாது, பிய்க்கும். பிய்ந்த விளிம்பு ஒட்டும்போது வாய் பிளந்து நிற்கும். அதை எத்தனை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் சரியாகாது.

இரண்டு துண்டுகள் மூலை சேரும் இடத்தில் விளிம்பை 45 டிகிரி சரிவாக வெட்டினால் சேர்ந்த மூலை 90 டிகிரியாக நிற்கும். சரிவு எந்தப் பக்கம் என்று பேட்டர்னிலேயே அம்புக்குறி போட்டு வையுங்கள். இடது வலது மாறுவது இந்த இடத்தில்தான்.

பிப்ரவரி 15

இந்த இழையில் நான் சொல்ல வந்தது இதுதான், சுற்றி வளைத்து இப்போதுதான் வந்து சேர்கிறேன்.

மார்புக் கவசமும் முதுகுத் தகடும் முடிந்து, முதல் முறையாகப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றேன். ஒரு குறையும் தெரியவில்லை. சந்தோஷமாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். கீழ் விளிம்பு தொடையில் முட்டியது, முழுக் கவசமும் மேலே ஏறியது, கழுத்து விளிம்பு தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டது. வாயைத் திறக்க முடியவில்லை. கையைத் தட்டித்தான் ஆளைக் கூப்பிட்டேன்.

அம்மா தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்து ஒரு பார்வை பார்த்தார். "நிக்கிறதுக்கு மட்டும் தச்சிருக்கடா" என்றார்.

அவர் யாருக்கு அளவெடுத்தாலும் கையைத் தூக்கச் சொல்வார், குனியச் சொல்வார், உட்காரச் சொல்வார். பேன்ட்டுக்கு உட்காரவைத்து இடுப்பிலிருந்து நாற்காலிப் பலகை வரை தனியாக ஓர் அளவு எடுப்பார். சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஃபோமில் வேலை செய்யும்போது அது ஏன் என் நினைவுக்கு வரவில்லை என்று இன்னும் யோசிக்கிறேன். ஃபோமைத் துணியாக நினைக்காமல் சிலையாக நினைத்துவிட்டேன் போல.

அன்றைக்கு அவர் எடுத்த அளவு: கழுத்துக் குழியிலிருந்து தொடை மடிப்பு வரை, நின்றால் 53 செ.மீ., தளர்ந்து உட்கார்ந்தால் 44. ஒன்பது செ.மீ. வித்தியாசம். என் மார்புக் கவசம் 50 செ.மீ. நீளம்.

பிறகு பழைய எஃகுக் கவசங்களின் படங்களை உட்கார்ந்து பார்த்தேன். ஐரோப்பாவில் 15-ஆம் நூற்றாண்டில் செய்த முழுக் கவசங்களில் மார்புத் தகடு இடுப்பு ஒடுங்கும் இடத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே தொப்புளை மறைப்பது வேறு துண்டுகள், வளையம் வளையமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும் பட்டைகள். உள்ளே தோல் வாரில் கோத்திருப்பார்கள். சில மூட்டுகளில் ஆணி நிற்கும் துளையையே நீளவாக்கில் வெட்டி, தகடு நகர இடம் விட்டிருப்பார்கள். குதிரை ஏறவும் குனியவும் விழுந்தால் எழுந்திருக்கவும் வேண்டியவர்களுக்காகச் செய்தது. 15 முதல் 25 கிலோ எடையைப் போட்டுக்கொண்டு அவர்களால் அசைய முடிந்ததற்கு இந்த மூட்டுகள் ஒரு காரணம். இன்னொரு காரணம், எடை முழுவதும் தோளில் தொங்காமல் உடம்பு முழுக்கப் பரவியிருந்தது.

நான் செய்தது: மார்புக் கவசத்தின் அடியிலிருந்து 12 செ.மீ. வெட்டி எடுத்தேன். கை நடுங்கத்தான் செய்தது, அந்த விளிம்பை மட்டும் இரண்டு நாள் தேய்த்திருந்தேன். வெட்டிய இடத்தில் 5 செ.மீ. அகலத்தில் மூன்று பட்டைகள். ஒவ்வொன்றும் மேலே உள்ளதற்குள் ஒன்றரை செ.மீ. நுழைந்திருக்கும். உள்ளே இரண்டு எலாஸ்டிக் நாடாக்கள், பட்டையின் மேல் விளிம்பில் மட்டும் ஒட்டு. உட்கார்ந்தால் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று ஏறுகின்றன, எழுந்தால் இறங்குகின்றன. இறங்கும்போது சின்னதாக ஒரு சத்தம் வேறு, நத்தை ஓடு உரசுகிற மாதிரி. அதற்காகவே பத்து முறை உட்கார்ந்து எழுந்தேன்.

பிப்ரவரி 16

"இதற்கெல்லாம் அம்மாவா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம். இந்தக் கலையே தையலில் தொடங்கியதுதான். 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மன், மர்டில் டக்ளஸ் என்ற இருவர் எதிர்கால மனிதர் உடையில் வந்தார்கள். அன்று அப்படி வந்தவர்கள் அவர்கள்தான். இரண்டு உடைகளையும் வடிவமைத்துத் தைத்தவர் டக்ளஸ். ஆக்கர்மன் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. ஊசி பிடித்தவர் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

பிப்ரவரி 22

கணினியில் முப்பரிமாண மாதிரி எதுவும் கையில் இல்லாதவர்களுக்கு ஒரு வழி. பழைய பனியன் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அதன் மேல் உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, அதன் மேல் டக்ட் டேப்பைச் சிறு துண்டுகளாக ஒட்டச் சொல்லுங்கள். நீளமாக உருளையோடு சுற்றினால் இறுகிவிடும். மார்பைச் சுற்றும்போது மூச்சை இழுத்து நிறுத்துங்கள். இது முடிந்ததும் டேப்பின் மேலேயே மார்க்கரால் கவசத்தை வரையுங்கள்: நடுக்கோடு, கழுத்து, அக்குள், இடுப்பு. கோடுகளுக்குக் குறுக்கே சின்னச் சின்ன வெட்டுக்குறிகளும் போட வேண்டும், இல்லையென்றால் பிறகு எது எதோடு சேரும் என்று தெரியாது. முதுகில் மழுங்கிய நுனியுள்ள கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துத் தட்டையாக விரியுங்கள். எங்கே மேடு விழுந்து விரியவில்லையோ அங்கே டார்ட், அதாவது ஆப்பு வடிவ வெட்டு. அவ்வளவுதான், உங்கள் உடம்பே பேட்டர்ன் ஆகிவிட்டது.

ஒரே எச்சரிக்கை: தனியாகச் செய்யாதீர்கள். அரை மணிக்கு மேல் அதற்குள் நிற்கவும் வேண்டாம்.

மார்ச் 1

தொடைக் கவசம். தொடை கூம்பு வடிவம், மேலே பருத்துக் கீழே சிறுத்தது. அதில் எதைப் போட்டாலும் பத்து அடி நடப்பதற்குள் முழங்காலுக்கு வந்துவிடும். இறுக்கிக் கட்டுவது தீர்வு இல்லை, இரத்தம் ஓடாமல் கால் மரத்துப்போகும். மேலேயிருந்து தொங்கவிட வேண்டும். நான் உள்ளே அகலமான ஒரு பெல்ட் போட்டு, அதிலிருந்து ஒவ்வொரு தொடைக்கும் இரண்டு நைலான் வார் இறக்கியிருக்கிறேன். ஒன்று முன்பக்கம், ஒன்று வெளிப்பக்கம். முனையில் பிரஸ் பட்டன்.

உள்தொடைப் பக்கம் மேலே தாராளமாக வெட்டிவிடுங்கள். யாரும் அங்கே பார்க்கப்போவதில்லை. வெட்டாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் இரண்டும் உரசும்.

தோள் கவசத்துக்கு எதிர்மாறு, அது மிதக்க வேண்டும். மார்புக் கவசத்தின் தோள்பட்டையில் மேலே ஒரே ஓர் எலாஸ்டிக், மேல்கையைச் சுற்றி இன்னொன்று. கையைத் தூக்கினால் அது தானே காதுப் பக்கம் சாய்ந்து வழிவிடும். மார்போடு அழுத்தமாக ஒட்டினால் கை தோளுக்கு மேலே போகாது.

மார்ச் 2

பசையைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். காண்டாக்ட் சிமென்ட். இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காயவிடுங்கள், பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். ஈரமாக இருக்கும்போது அழுத்துபவர்களுக்குத்தான் பிரிந்துவருகிறது. காய்ந்த பிறகு தொட்டால் தொட்டதுதான், நகர்த்த முடியாது. நீளமான விளிம்பு என்றால் நடுவே பட்டர் பேப்பர் வைத்து, ஒரு முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே ஒட்டுங்கள்.

அதில் வரும் ஆவி விளையாட்டு இல்லை. பல பசைகளில் டொலுவீன் மாதிரிக் கரைப்பான்கள் இருக்கின்றன. துணி முகமூடியோ தூசு முகமூடியோ ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய சுவாச முகமூடி வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) அதே மேசையில் அதே நேரத்தில் வைத்து வேலை செய்த படம் ஒன்றை ஒருவர் போட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம்.

மார்ச் 9

ஹெல்மெட். எல்லோரும் நெற்றியைச் சுற்றி அளக்கிறார்கள். நெற்றி அளவு தலை உள்ளே நிற்பதற்கு. தலை உள்ளே போவதற்கு வேறு அளவு வேண்டும்: மூக்கு நுனியிலிருந்து பின்மண்டை வரை சுற்றி. எனக்கு முன்னது 57, பின்னது 61. கழுத்துத் திறப்பு 61-க்குக் குறைந்தால் ஒவ்வொரு முறையும் மூக்கு உரியும். திறப்பைப் பெரிதாக்கினால் கழுத்து மெலிந்து ஹெல்மெட் வாளி மாதிரித் தெரிகிறது. அதனால் பின்பக்கத்தைத் தனித் துண்டாக வெட்டி, மேலே கீலும் கீழே காந்தமும் வைத்தேன். காந்தத்தை ஒட்டுவதற்கு முன் எந்தப் பக்கம் எதை ஈர்க்கிறது என்று மார்க்கரால் புள்ளி வையுங்கள்.

உள்ளே ஒரு சின்ன ஃபேன், 5 வோல்ட், 40 மி.மீ. முகத்தை நோக்கி வாய்ப் பக்கம் வைத்திருக்கிறேன். பவர் பேங்கில் ஓடுகிறது.

மார்ச் 10

ஃபேன் போதவில்லை. இருபது நிமிடத்தில் முன்கண்ணாடி பனிமூட்டமாகிவிட்டது. காற்று உள்ளே வருகிறது, வெளியே போக வழியில்லை. மூச்சின் ஈரம் அங்கேயே சுற்றிச் சுற்றிக் கண்ணாடியில் படிகிறது.

மார்ச் 12

இரண்டு ஃபேன். முதலாவதைக் கண்ணாடியின் உள்பக்கத்தை வருடிப் போகும்படி திருப்பினேன். இரண்டாவதை உச்சந்தலைக்குப் பின்னால் வைத்தேன், அது காற்றை வெளியே தள்ளும். சூடான காற்று எப்படியும் மேலேதான் சேர்கிறது. கண்ணாடியில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி தடவி, உலர்ந்த துணியால் மெருகு வரும்வரை துடைத்தேன். ஒரு மணி நேரம் தெளிவாக இருந்தது.

இன்னொரு பயன், எதிர்பாராதது: சில பவர் பேங்குகள் மின்னோட்டம் மிகக் குறைந்தால் தானே அணைந்துவிடும். ஒற்றை ஃபேனோடு அப்படித்தான் அணைந்து அணைந்து படுத்தியது. இரண்டு ஃபேனும் நெற்றி விளக்கும் சேர்ந்த பிறகு அணையவில்லை. நெற்றி விளக்குக்கு வெள்ளை எல்.ஈ.டி. 5 வோல்ட்டில் அதற்கு 3.2 போக மிச்சம் 1.8. 20 மில்லி ஆம்பியருக்கு 90 ஓம் மின்தடை வருகிறது. கடையில் கிடைத்தது 100 ஓம், அதையே போட்டேன்.

மார்ச் 17

முழங்கை மடிப்பைப் பற்றி ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். மேல்கைக்கும் முன்கைக்கும் நடுவே கறுப்பு உடுப்பு தெரிகிறது. கையை மடக்கும்போது அது வெறும் பனியனாகத்தான் தெரிந்தது, விண்வெளிக்குப் போகிறவன் உடுப்பாகத் தெரியவில்லை.

நிஜ விண்வெளி உடைகளுக்கு இதே பிரச்சினை இன்னும் பெரிதாக இருந்திருக்கிறது. உடைக்குள் காற்றழுத்தம் ஏறினால் அது டயர் மாதிரி விறைத்துவிடும். 1965 மார்ச் 18 அன்று அலெக்சேய் லியோனோவ் முதன்முதலாக விண்கலத்துக்கு வெளியே வந்தபோது உடை உப்பி, விரல்கள் கையுறை நுனியிலிருந்தும் பாதங்கள் காலணியிலிருந்தும் விலகிவிட்டன. உடைக்குள் இருந்த காற்றைக் கொஞ்சம் வெளியேற்றிவிட்டுத்தான் அவரால் உள்ளே திரும்ப முடிந்தது. பொருந்தாத உடை என்றால் என்ன என்று அவரைவிட யாருக்கும் தெரிந்திருக்காது. அப்போலோ பயணிகளுக்கு உடை செய்தவர்கள் தோள், முழங்கை, முழங்கால் மூட்டுகளில் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பான ரப்பர் வைத்தார்கள். ஒருபக்கம் மடியும்போது மறுபக்கம் விரியும். அந்த உடைகளை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அளவெடுத்துச் செய்தார்கள். தைத்த பெண்கள் பலர் அதற்கு முன் உள்ளாடை தைத்துக்கொண்டிருந்தவர்கள்.

இதைப் படித்ததும் 5 மி.மீ. ஃபோமில் ஒரு செ.மீ. அகலப் பட்டைகள் வெட்டி, இழுபடும் துணியில் அரை செ.மீ. இடைவெளி விட்டு வரிசையாக ஒட்டினேன். கையை மடக்கியபோது உள்பக்கப் பட்டைகள் நெருங்கின, வெளிப்பக்கத்தில் விலகின. அம்மாவை அழைத்து மூன்று முறை மடக்கிக் காட்டினேன். இரண்டாவது தடவைதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்ட வந்து பார்த்தார். பிறகு பட்டைகளை ஒட்டியது போதாது, துணியோடு சேர்த்து ஓரத்தில் தையலும் போட வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 23

பெயின்ட். முதலில் ஹீட் கன்னை மேற்பரப்பில் ஓட்டுங்கள். ஃபோம் லேசாகப் பளபளக்கும், நுண்துளைகள் மூடிக்கொண்டன என்று அர்த்தம். அதற்கு மேல் காட்டினால் கருகிச் சுருளும், புகையும் நல்லதில்லை. அப்புறம் வளையக்கூடிய ரப்பர் பூச்சு, இல்லையென்றால் வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து நான்கைந்து பூச்சு. சுவர் பெயின்ட்டை நேராக அடித்தால் முதல் வளைவிலேயே வெடிக்கும்.

கறை பூசுவதைப் பற்றி என் மனதில் இருப்பதை எழுதுகிறேன். பலர் கவசம் முழுக்கச் சமமாகக் கறுப்பைத் தடவித் துடைத்து, எல்லா விளிம்பிலும் வெள்ளி பூசிவிடுகிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. என் கவசத்தைப் போடுபவர் போர்வீரர் இல்லை, தூசி நிறைந்த ஒரு கோளில் தண்ணீர்க் குழாய்களைப் பழுது பார்க்கும் தொழிலாளி. அவர் வலது முழங்காலை ஊன்றி வேலை செய்வார், ஆகவே வலது முழங்கால் தேய்ந்து வெள்ளியாகத் தெரிகிறது, இடது முழங்காலில் தூசி மட்டும். இடது இடுப்பில் குறடு தொங்கும். நடக்கும்போது அது ஆடி ஆடிப் பிறைவடிவில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது. அந்தக் கீறலை ஒரே நாளில் போடவில்லை. மெல்லிய தூரிகையால் முதலில் கறுப்பு, மறுநாள் அதன் நடுவில் வெள்ளி, அதற்கு மறுநாள் கீழ் ஓரத்தில் துருநிறம் கொஞ்சம். குறடை மாட்டி நடந்து பார்த்து, நிஜமாகவே எங்கே இடிக்கிறது என்று குறித்துக்கொண்ட பிறகுதான் வரைந்தேன். முதலில் நான் நினைத்த இடத்தைவிட மூன்று விரல் கீழே இருந்தது.

மார்ச் 30

நேற்று மதியம் கவசத்தைக் காரில் வைத்துப் பூட்டிவிட்டு இரண்டு மணி நேரம் வெளியே இருந்தேன். திரும்பி வந்தால் முப்பரிமாண அச்சில் எடுத்த மார்புச் சின்னம் உருகிய மெழுகு மாதிரித் தொய்ந்திருக்கிறது. பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸை நெருங்கினாலே இளகும், வெயிலில் நிற்கும் காருக்குள் வெயில் நேராகப் படும் பொருள் அந்தச் சூட்டை எட்டிவிடும். முதுகுத் தகட்டில் ஒட்டிய இணைப்பு ஒன்றும் வாய் பிளந்திருந்தது, காண்டாக்ட் சிமென்ட்டும் சூட்டில் இளகுகிறது. சின்னத்தை பி.இ.டி.ஜி. என்ற இன்னொரு பிளாஸ்டிக்கில் மறுபடி அச்செடுக்கிறேன், அது கிட்டத்தட்ட 80 டிகிரி வரை தாங்கும். இணைப்பைப் பிரித்துப் பழைய பசையைச் சுரண்டி மறுபடி ஒட்டியாயிற்று, உள்ளே துணிப் பட்டையும் சேர்த்து.

மனம் சோர்ந்துதான் போனது. தம்பி ஒன்றும் சொல்லாமல் சுரண்டுவதற்கு வந்து உட்கார்ந்தான்.

ஏப்ரல் 6

முழு ஒத்திகை. மூன்று மணி நேரம்.

போடும் வரிசை முக்கியம். காலிலிருந்து மேலே: காலணி, கெண்டைக்கால், தொடை, இடுப்பு, அப்புறம்தான் மார்பு. மார்பைப் போட்டுவிட்டால் காலுக்குக் கை எட்டாது. எஃகுக் கவசக் காலத்திலும் காலிலிருந்துதான் தொடங்கினார்கள். தம்பி உதவியோடு 25 நிமிடம்.

அவன் வரிசையாகச் சொல்லச் சொல்ல நான் செய்தேன். "அண்ணா, கையைத் தூக்குங்க. குனிஞ்சு தரையைத் தொடுங்க. உட்காருங்க. இப்ப முட்டி போடுங்க. தண்ணி குடிங்க." படி ஏறுவதில் சிரமமில்லை. இறங்குவதில்தான் சங்கடம், கழுத்து வளையம் பாதத்தை மறைக்கிறது. ஹெல்மெட்டுக்குள் பக்கப் பார்வையும் இல்லை, பின்னால் கூப்பிட்டால் காதும் சரியாகக் கேட்கவில்லை. கூட ஓர் ஆள் நடக்காமல் கூட்டத்துக்குள் போகக் கூடாது.

சூடு: ஈவா ஃபோம் காற்றையும் விடாது, வியர்வையையும் விடாது. 40 நிமிடத்துக்கு ஒருமுறை ஹெல்மெட்டைக் கழற்றி உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம். தலை சுற்றினாலோ வியர்ப்பது நின்றாலோ உடனே முழுவதும் கழற்றல். அதனால் மார்பின் இரண்டு பக்கத்துப் பக்கிளும் வெளியிலிருந்து ஒரே அழுத்தில் திறக்கும்படி மாற்றினேன்.

இடது தொடை வார் முழு நேரமும் கொஞ்சம் இழுத்தது. பழகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 14

பழகவில்லை. விழாவில் இரண்டாவது மணி நேரத்தில் இடது தொடையின் முன் வார் பிரஸ் பட்டனோடு பிய்ந்து வந்துவிட்டது. நைலான் வாரில் துளையைக் கத்தரிக்கோலால் குத்தியிருந்தேன், இழைகள் பிரிந்துகொண்டே வந்திருக்கின்றன. சூடான ஆணியால் உருக்கித் துளைத்திருக்க வேண்டும். மார்ச் 1 குறிப்பைப் பார்த்துச் செய்தவர்கள் உங்கள் வாரையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அன்றைக்கு டேப் சுற்றிச் சமாளித்தோம்.

மற்றதெல்லாம் தாங்கியது. மொத்தம் நாலு மணி நேரம் போட்டிருந்தேன், ஐந்து முறை உட்கார்ந்தேன், தாடையில் ஒன்றும் இடிக்கவில்லை.

ஒரு சின்னப் பெண், ஆறு வயது இருக்கும், நேராக வந்து இடுப்புக் கீறலில் விரலை வைத்து "இது எப்படி ஆச்சு?" என்று கேட்டாள். சுற்றி எத்தனையோ பளபளப்பான கவசங்கள் இருந்தன. நான் வலது முழங்காலை ஊன்றி அவள் உயரத்துக்கு வந்தேன். குறடை எடுத்து மாட்டி, ஆட்டிக் காட்டினேன். குறடின் நுனி கீறலின் மேலேயே போய் நின்றது. அவள் அதைத் தானே இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு, "சரி" என்று சொல்லிவிட்டு அவள் அப்பாவிடம் ஓடிவிட்டாள்.

ஏப்ரல் 16

முதல் கேள்வி கேட்டவர் தன் அளவுகளை அனுப்பியிருக்கிறார். கழுத்துக் குழியிலிருந்து தொடை மடிப்பு வரை நின்று 51, உட்கார்ந்து 43. கணினியில் உயரத்துக்குப் பெரிதாக்கிய மார்புக் கவசம் 49 வருகிறதாம்.

மார்புத் தகட்டை இடுப்பு ஒடுங்கும் இடத்தில், 36-இல் நிறுத்துங்கள். மிச்சத்தை மூன்று பட்டையாக வெட்டுங்கள். உட்கார்ந்தால் அவை ஒன்றுக்குள் ஒன்று ஏறி, மொத்த நீளம் 43-ஐத் தாண்டாமல் நிற்க வேண்டும். முதலில் அட்டையில் செய்து, நாற்காலியில் உட்கார்ந்து பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பட்டையின் அகலத்தைச் சொல்கிறேன்.